பனியன் வேஸ்ட் மூட்டையில் ஏழு பேர்

மார்கழி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்னால் தையல் ஷெட்டை ஒதுங்க வைத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். ஷெட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவிநாசியிலிருந்து சேவூர் போகிற வழியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர், ஒரு கட்டிங் மேஜை. திருப்பூர்க் கம்பெனிகளுக்குக் குழந்தைகள் பனியன் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறோம். மூலையில் மூன்று மூட்டை கட்டிங் வேஸ்ட். வேஸ்ட் எடுக்கிற அண்ணன் நோம்பி கழித்துத்தான் வருவார்.

மூன்றாவது மூட்டையின் வாயை என் மகள்தான் விலக்கினாள். விலக்கியவள் கத்தவில்லை. "அம்மா, இங்க வாங்க, மெதுவா வாங்க" என்றாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள் இவ்வளவு நிதானமாகக் கூப்பிட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

துணித்துண்டுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்குக் குழி. குழியின் ஓரத்தில் மஞ்சள் ரிப், ஆரஞ்சு இன்டர்லாக், போன மாத ஆர்டரின் கிரே ப்ளீஸ் எல்லாம் அப்படியே துண்டுகளாகக் கிடந்தன. உள்ளே போகப்போகத் துணியே இல்லை. நூல் நூலாகப் பிரித்து, அதையும் கடித்துப் பஞ்சாக்கி வைத்திருந்தது. அந்தப் பஞ்சுக்குள் சிவப்பாக, சுண்டுவிரலில் பாதிகூட இல்லாமல், ஏழு சுண்டெலிக் குஞ்சுகள். தாய் ஏற்கெனவே மூட்டைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துவிட்டது.

பிறந்து ஒரு நாள் ஆகியிருக்காது. எப்படித் தெரியும் என்றால், நிறம். முதல் நாள் குட்டி ரத்தச் சிவப்பாக இருக்கும். மறுநாளே கொஞ்சம் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கடியில் ஒரு கரும்புள்ளி. காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. விரல்கள்கூடச் சரியாகப் பிரியவில்லை. தோல் எவ்வளவு மெல்லிசு என்றால், இடது பக்க வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு வெளியிலிருந்தே தெரிந்தது. "அது என்னம்மா?" என்றாள் மகள். இரைப்பையில் இருக்கிற பால். குடித்த பால் வெளியே தெரிகிற வயிறு.

அம்மா வாசலில் பூளைப்பூவைப் பற்றி யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுக்கா இத்தன நேரம் ரெண்டு பேரும் மண்டி போட்டுக்கிட்டு இருக்கறீங்கொ? அள்ளிக் கோழிக்குப் போடு சாமி, ஒரு கொத்துல முடிஞ்சுது."

"வேண்டாமுங் அமுச்சி" என்றாள் மகள்.

"வேண்டாமுன்னா? காப்புக் கட்டறதுக்குள்ள கொட்டாய் சுத்தமாகோணும். அப்பறம் துணியெல்லாம் ஓட்ட போட்டா உங்கொம்மாதான் அழுவா."

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. போன ஆவணியில் எலி கடித்த நாற்பது பீஸை ஒரு கம்பெனி அப்படியே டேமேஜ் என்று தள்ளிவிட்டது. கூலியும் போய், துணிக்கான காசையும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய ராத்திரிகளில் நான் வைத்த பொறிகளுக்குக் கணக்கே இல்லை. ஆகவே எலிமீது எனக்குப் பாசமெல்லாம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கோவையில் மூன்று வருடம் விலங்கியல் படித்துவிட்டு, பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இருபது வருடமாக ஓவர்லாக் ஓட்டுகிற ஒருத்திக்கு, புத்தகத்தில் வரிசையாக மனப்பாடம் செய்த ஒன்று மூட்டைக்குள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்போது, அதைக் கோழிக்குப் போட மனசு வரவில்லை. மூன்று வாரம். அதற்கு மேல் இல்லை. மூட்டையை அசைக்காமல் அப்படியே விட்டோம். கையுறை, மூக்கில் துணி, ராத்திரி எட்டு மணிக்கு மெஷின் எல்லாம் நின்றபிறகு ஒரே ஒரு தடவை பார்வை, குட்டிகளைத் தொடக்கூடாது. இதுதான் ஒப்பந்தம். மகள் ஒரு நோட்டு எடுத்தாள்.

நோட்டின் முதல் வரியிலேயே தகராறு. "எலிக்குஞ்சு" என்று எழுதினாள். கோழிக்குத்தானே குஞ்சு, எலிக்கும் குஞ்சா என்று அவளே கேட்டாள். நாங்கள் பேசுவது குஞ்சுதான். தொல்காப்பியத்தின் மரபியலைக் கேட்டால் எலிக்குக் குட்டி. மூங்கா, வெருகு, அணில், எலி இந்த நான்கின் பிள்ளைகளையும் குட்டி என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறது. பறழ் என்றாலும் ஒத்துக்கொள்ளும். பறழ் என்ற சொல்லை மகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு நாள் வீட்டில் எல்லோரையும் பறழ் என்றே கூப்பிட்டாள். நோட்டில் மட்டும் குட்டி.

என் மகளின் முதல் கேள்வி, "இதுக்கு ஒடம்புல ஒரு முடிகூட இல்லையே, குளிராதா?"

ஒரு முடிகூட இல்லை என்பது முழு உண்மை இல்லை. டார்ச்சை மூக்கின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் தெரியும், மீசை இருக்கிறது. அரை மில்லிமீட்டரோ ஒன்றோ, சிலந்தி நூல் மாதிரி. கண் இல்லாமல், காது இல்லாமல், முடி இல்லாமல் பிறக்கிற பிராணி மீசையோடு பிறக்கிறது. சுண்டெலி வயிற்றில் இருப்பதே 19 முதல் 21 நாள்தான். அதில் பன்னிரண்டு பதிமூன்றாம் நாளிலேயே மீசைக்கான குழிகள் முகத்தில் பதிய ஆரம்பித்துவிடும். மூக்கின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து வரிசை, பாத்தி கட்டி நட்ட மாதிரி. இருட்டில் தாயின் காம்பைத் தேடுவதற்கு மோப்பமும் இந்த மீசையும்தான் கைகொடுக்கின்றன.

குளிராதா என்றால், குளிரும். நன்றாகவே குளிரும். பிறந்த குட்டி ஒன்றேகால் கிராம் இருக்கும். மூன்று குட்டியைச் சேர்த்தால் ஒரு ரூபாய்க் காசின் எடை. அவ்வளவு சின்ன உடம்பில் சூடு தங்காது. ஒரு அண்டா வெந்நீரையும் ஒரு பாலாடை வெந்நீரையும் மார்கழி விடியலில் வாசலில் வைத்துப் பாருங்கள், எது முதலில் ஆறும் என்று. தோள்பட்டைக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை எரித்துக் கொஞ்சம் சூடு உண்டாக்கிக்கொள்ளும். ஆனாலும் தன் உடம்புச் சூட்டைத் தானே கட்டிக்காக்க அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் ரோமம் செய்ய வேண்டிய வேலையைச் செய்வது மூன்று பொருள்கள்: தாயின் வயிறு, கூடப் பிறந்தவர்களின் உடம்பு, அந்தப் பஞ்சுக் கூடு. ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் குவியல் மெதுவாகப் புரண்டுகொண்டே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு நுழையும், நடுவில் இருந்தது வெளியே வரும்.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒன்று உறைத்தது. உலகத்தில் எங்கெங்கோ பிறக்கிற குழந்தைகளுக்கு முதல் சட்டை தைத்து அனுப்புகிற கொட்டகை இது. அந்தச் சட்டையில் வெட்டி எறிந்த துண்டை எடுத்து ஒரு சுண்டெலி தன் பிள்ளைகளுக்கு முடி வரும்வரைக்குமான சட்டையைத் தானே தயார் செய்திருக்கிறது. ரிப்பையும் இன்டர்லாக்கையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, உள்பக்கத்துக்கு ப்ளீஸை எடுத்திருக்கிறதே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். துணி தெரிந்த கை.

இரண்டாம் நாள் காது இருந்த இடத்தில் சின்ன மொட்டு. நான்காம் நாள் அது தலையிலிருந்து பிரிந்து மடல் மாதிரி நின்றது. அதே நான்காம் நாள் எண்ணினால் ஆறுதான் இருந்தது. மகள் மூன்று தடவை எண்ணினாள். மூட்டையைச் சுற்றித் தேடினாள். "செத்துருக்கும், பெத்தவளே தின்னுருப்பா" என்றார் அம்மா, அரிசி புடைத்துக்கொண்டே. அதுதான் நடந்திருக்கும். செத்த குட்டியைக் கூட்டில் விட்டால் நாறும், நாற்றம் பூனையைக் கூட்டிவரும். பால் கொடுக்கிற உடம்புக்கு அது தீனியும்கூட. மகளிடம் அப்படியே சொன்னேன். நோட்டில் "6" என்று மட்டும் எழுதினாள், வேறெதுவும் எழுதவில்லை.

நான் காத்திருந்தது அதே நாளில் வேறொன்றுக்காக. முதுகின் தோல் நிறம் மாறியிருந்தது. ரோஸ் நிறத்தின்மேல் யாரோ நீலச் சாயம் கலந்த தண்ணீரைத் தொட்டுத் தடவின மாதிரி, பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு சாம்பல் நீலம். "கருத்துப்போச்சு" என்றாள் மகள். தோல் கருக்கவில்லை. சுண்டெலிக்கு உடம்புத் தோலில் நிறம் அனேகமாகக் கிடையாது, நிறமெல்லாம் முடியின் வேரில். அந்த நீலம், தோலுக்கடியில் வளர்ந்துகொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான முடிகளின் கருப்பு, மெல்லிசான தோல் வழியாக வெளியே தெரிகிறது. ஒரு முடிகூட இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் எல்லாமே உள்ளே தயாராக நிற்கின்றன.

அவிநாசிக்காரியான நான் இந்த இடத்தில் முதலையை நினைக்காமல் இருக்க முடியாது. சுந்தரர் கதை எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும். குளத்தில் குளிக்கப் போன பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது. வருடங்கள் கழித்துச் சுந்தரர் வந்து பதிகம் பாட, முதலை அந்தப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் விட்டது. விழுங்கிய வயதில் இல்லை, இத்தனை வருடமும் வெளியில் வளர்ந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பானோ அவ்வளவு வளர்ந்தவனாக. சின்ன வயதில் எனக்கு அந்தக் கதையில் முதலை வாய் திறப்பது ஆச்சரியமாகவே படாது. உள்ளே இருந்து அவன் வளர்ந்துகொண்டே இருந்தான் என்பதுதான். தாமரைக்குளக் கரையில் நின்று, அவனுக்கு உள்ளேயே பல் விழுந்து முளைத்திருக்குமா, முடி யார் வெட்டியிருப்பார்கள் என்று அப்பாவைக் கேட்டு நச்சரித்திருக்கிறேன். நீலம் பாய்ந்த அந்த முதுகைப் பார்த்தபோது மகளிடம் அதைத்தான் சொன்னேன். முடி உள்ளே வளர்கிறது. நமக்குத் தெரியவருவது கடைசியில்.

கடைசியில் என்றால் உண்மையாகவே கடைசியில். சுண்டெலியின் உடம்பில் முடி முளைக்கிற குழிகள் எல்லாம் பிறப்பதற்குள்ளோ, பிறந்த கையோடோ போடப்பட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாகும்வரை வழக்கமாகப் புதுக் குழி சேராது. அதுவும் ஒரே நாளில் போடப்படுவதில்லை. மீசைக்கு அடுத்து, வயிற்றில் பதினான்காம் நாள் வாக்கில், நீளமான காவல் முடிக்கான குழிகள். இரண்டு நாள் கழித்து நடுத்தர முடிக்கு. பிறக்கப் போகிற சமயத்தில், நெளிநெளியான அடிமுடிக்கு. கடைசியாக வருகிற இந்த நெளி முடிதான் முதுகு ரோமத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. நம் ஊரில் பாவு கட்டி, ஊடு கட்டி நெய்கிற மாதிரி ஒரு வரிசை இருக்கிறது அதற்கும்.

ஐந்தாம் நாள் ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோது பிடரியில் ஒரு மினுமினுப்பு. நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால், புது ப்ளீஸ் துணியை உள்பக்கம் தடவினால் நிற்குமே ஒரு பூப்பூவான பிசிர், அது. ஏழாம் நாள் அது முதுகு முழுக்கப் பரவியிருந்தது. வயிறு மட்டும் இன்னும் ரோஸ். எட்டாம் நாள் வயிற்றிலும் ஆரம்பித்தது. பாலின் வெள்ளைத் திட்டு அதற்குள் மறைந்துவிட்டது, தோல் தடித்துவிட்டது. பெண் குட்டிகள் எவை என்று கண்டுபிடிக்கிற நாளும் இதுதான். வயிற்று முடி அடர்வதற்குள் காம்புகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். நாங்கள் தொடுவதில்லை என்பதால் புரட்டிப் பார்க்கவில்லை. மல்லாந்து கிடந்த ஒன்றில் மட்டும் தெரிந்தது.

எட்டு மணிக்குப் போனால் தாய் பெரும்பாலும் இருக்காது என்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. பகலெல்லாம் கூட்டில் கிடந்து பால் கொடுக்கும், இருட்டினால் இரைக்குப் போகும். இந்தப் போக்குவரத்தை வைத்து மதுரையில் ஒரு அழகான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்லும்போது மேஜையைத் தட்டிச் சொல்வார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவரோடு விசுவநாதனும் வரப்பு வளையில் இருக்கிற வயல் சுண்டெலியை, மஸ் பூடுகா என்கிற அந்த நம் ஊர்ச் சின்ன எலியை, எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சமும் இருட்டும் மாறாத அறை. பகல் எது, ராத்திரி எது என்று குட்டிகளுக்குத் தெரிய வழியே இல்லை. தாயை மட்டும் 12 மணி நேரம் கூட்டில் விடுவது, 12 மணி நேரம் எடுத்துவிடுவது. குட்டிகளின் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் தாய் வருவதையும் போவதையும் வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொண்டது. 1985-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை அது. சூரியனே இல்லாவிட்டாலும் அம்மா வீட்டில் இருந்தால் ஒரு பொழுது, இல்லாவிட்டால் இன்னொரு பொழுது. ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் நிறைந்த திருப்பூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாய் இல்லாத அந்த நேரத்தில் ஒரு குட்டி குவியலிலிருந்து நழுவி ஓரத்துக்கு வந்துவிட்டால் வாயைத் திறந்து திறந்து மூடும். சத்தமே வராது. சத்தம் வருகிறது, நம் காதுக்கு எட்டாத உச்சத்தில். எலிக்குட்டிகள் இப்படிக் கூப்பிடுகின்றன என்பதை 1956-ல் ஜெர்மனியில் சிப்பேலியஸ், ஷ்லைட் என்ற இருவர் எழுதினார்கள். குளிர்கிறது என்பதுதான் அந்தக் கூப்பாட்டின் முக்கியமான அர்த்தம். தாய் ஓடிவந்து கவ்விக்கொண்டு போய் நடுவில் போடும். முதல் வாரத்தில் இந்தக் கூப்பாடு அதிகமாகி, முடி வந்து உடம்பு தானே சூடு பிடிக்கப் பிடிக்கக் குறைந்துபோகும். நமக்குக் கேட்காவிட்டாலும் பூனைக்குக் கேட்கும் என்பதைப் பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை கொட்டகை வாசலில் படுத்துக்கிடந்த விதத்திலேயே புரிந்துகொண்டோம். கதவுக்கடியில் பலகை வைத்து அடைத்தேன். எலியைக் காப்பாற்றப் பூனையை விரட்டினேன் என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

பொங்கலுக்கு முதல் நாள், காப்புக் கட்டு அன்று, குட்டிகளுக்குப் பத்து நாள். மற்ற மூலைகளையெல்லாம் வெள்ளையடித்து, அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு, கூரையில் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகினோம். அன்று ராத்திரி பார்த்தபோது வெல்வெட் துணியில் செய்த பொம்மைகள் மாதிரி ஆறு. முழு ரோமம். இன்னும் கண் மூடியபடி. பிறந்த மேனிக்குக் கிடந்தவற்றை இப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மாவும் வந்து பார்த்தார். "இது என்ன நெறம்னே தெரியலியே, சாம்பலா, மண்ணா?" என்றார்.

நல்ல கேள்வி. கூட்டின் ஓரத்தில் தாயின் முடி ஒன்று வெள்ளைத் துணியில் ஒட்டிக் கிடந்தது. துணியில் லூப் எண்ணுவதற்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன், அதில் பார்த்தோம். அடி கருப்பு. நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மஞ்சள் பட்டை. நுனி மறுபடி கருப்பு. அம்மா கேட்ட நிறத்தில் ஒரு முடிகூட இல்லை! கிரே மெலாஞ்ச் துணியில் கிரே நூலே இருக்காது, கருப்பு இழையும் வெள்ளை இழையும் கலந்து தூரத்திலிருந்து கிரேயாகத் தெரியும், அந்த மாதிரி. சரியாகச் சொன்னால் மெலாஞ்ச்கூட இல்லை. ஒரே நூலை இடம்விட்டு இடம் வேறு சாயத்தில் முக்கி எடுப்பார்களே, அது. முடி வளர்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் இரண்டு மூன்று நாள் மட்டும் அகௌட்டி என்கிற ஒரு புரதம் வேருக்குள் சுரக்கும். அந்த நாள்களில் கருப்புச் சாயம் நின்று மஞ்சள் ஓடும். அப்புறம் மறுபடி கருப்பு. குட்டிகள் மீது நாங்கள் பார்த்த நீலம் நுனிக் கருப்பின் நீலம். மஞ்சள் அதன் பின்னாலேயே வந்தது. நம் சாயப்பட்டறைக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அதே கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த முடி நேராக இல்லை. மூன்று இடத்தில் மடங்கி, மடங்கின ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மெலிந்து, மின்னல் கோடு மாதிரி. நான் சொன்ன நெளி முடி. இவை அடர்ந்து நின்றால் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நடுவே காற்று தங்கும். ப்ளீஸ் சூடாக இருப்பதும் காற்றால்தான், பருத்தியால் இல்லை. பத்து நாள் கூட்டின் பஞ்சில் தங்கியிருந்த காற்று இப்போது அவற்றின் உடம்பிலேயே தங்கிவிட்டது.

எல்லாப் பிராணிக்கும் இப்படி இல்லை. எங்கள் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல் காடுகளில் காட்டு முயல் இருக்கும். அதன் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தபடி பிறக்கும். வளை கிடையாது, தரையில் படுத்த இடம்தான் வீடு, அதனால் எல்லாவற்றையும் வயிற்றிலேயே முடித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. பண்ணையில் வளர்க்கிற முயல் வளைக்காரன் வம்சம். எலி மாதிரியே வெறும் தோலோடு பிறக்கும், தாய் தன் ரோமத்தைப் பிடுங்கிப் போட்டுக் கூடு கட்டும்.

பூப்பறிக்கிற நோம்பி அன்று, மற்ற ஊர்க்காரர்கள் காணும் பொங்கல் என்று சொல்கிற நாளில், முதல் குட்டி கண்ணைத் திறந்தது. பதிமூன்றாம் நாள். காணும் பொங்கலுக்குச் சரியாகக் காணுகிறது என்று மகளுக்கு ஒரே சிரிப்பு. ஒரு கண் கீற்றாக, ஒரு கண் மூடியபடி. மறுநாள் ஆறும் மிளகுக் கண்ணோடு எங்களைப் பார்த்தன. பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அதுவரை டார்ச் வெளிச்சத்துக்கு அசையாதவை, அன்று மூலைக்கு மூலை ஓடின. காதுத் துளையும் அதற்கு முந்தைய நாள் வாக்கில்தான் திறந்திருக்கும். பதினாறு, பதினேழாம் நாள்களில் மூட்டைப் பக்கம் போய் நின்றாலே சட்டியில் சோளப்பொரி வெடிக்கிற மாதிரி ஒவ்வொன்றும் மேலே எகிறி எகிறி விழும். அதற்கு மேல் வாயை விலக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். பல் முளைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மேஜைக்கடியில் போட்டு வைத்த பொட்டுக்கடலை காலையில் பாதி காணாமல் போனது. எந்தப் பீஸிலும் ஓட்டை இல்லையே என்று தினமும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பதினேழாம் நாளோடு முதல் ரோமத்தின் வளர்ச்சி நின்றுவிடும். முடி அதே நீளத்தில் நிற்கும், வேர் சுருங்கிக் கொஞ்ச நாள் தூங்கும். நான்கு வாரம் வாக்கில் இரண்டாவது ரோமம் கிளம்பும், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் இல்லை, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக ஒரு அலை மாதிரி. சில எலிகளுக்கு இந்த இரண்டாவது அலையே வராது. 1920-களில் லண்டனில் பிடிபட்ட ஒரு மொட்டை எலியின் வம்சம் இன்றும் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. அவை எல்லோரையும் போலவே முதல் ரோமத்தை முளைக்கவிடும். இரண்டு வாரம் கழிந்தால் கண்ணோரத்திலிருந்து உதிர ஆரம்பித்து, மூன்றாவது வாரம் முடிவதற்குள் முழு மொட்டை. முளைக்கிறது ஒரு வேலை, உதிர்ந்தபின் மறுபடி முளைக்கிறது வேறொரு வேலை என்று தெரிந்துகொள்ள அந்த எலிகள் உதவின. நாமும் முதல் ரோமம் ஒன்றைப் போட்டுக் கழற்றியவர்கள்தான், வயிற்றுக்குள்ளேயே. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோளிலும் முதுகிலும் பூனைமுடியாகத் தெரியும். என் மகளுக்கும் இருந்தது. அம்மா கடலைமாவு தேய்த்தே அதைப் போக்கினேன் என்று இன்றுவரை சொல்கிறார். தேய்க்காவிட்டாலும் போயிருக்கும் என்று நான் இன்றுவரை சொல்லவில்லை.

மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டையில் ஒன்றும் இல்லை. கூடு தட்டையாகிக் கிடந்தது. பஞ்சில் நிறைய முடி. எங்கே போயின என்று கேட்டால், கேட்க வேண்டாம், அட்டத்தில் ராத்திரி ஓடுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு பொறியை எடுத்துத் துடைத்து வைத்தேன். பிடித்து வண்டியில் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விடலாம் என்று யோசனை. ஒன்று அகப்பட்டது. மெலாஞ்ச் முதுகு, சுத்தமான மீசை, எட்டு ஒன்பது கிராம் இருக்கும். பொறியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். எந்தக் குட்டி என்று கண்டுபிடிக்கப் பார்த்தாளாம்.

பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியவள் ஒரு முக்கியமான வரியை மறந்துவிட்டிருந்தேன். சுண்டெலி குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி சினைப்படும். ஒன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமக்கும்; பால் கொடுக்கிற உடம்பு என்பதால் வழக்கமான இருபது நாள் இன்னும் சில நாள் நீளும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு வெளியே போன தாய் இரைக்கு மட்டும் போகவில்லை.

தைப்பூசத்தன்று காலையில் பழனிக்கு நடக்கிறவர்களுக்குக் கொடுக்க அம்மா வாசலில் மோர் கரைத்து வைத்திருந்தார். அதே நேரத்துக்கு வேஸ்ட் அண்ணனும் தராசோடு வந்து நின்றார். முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை எடை போட்டாயிற்று. மூன்றாவதின் வாயைப் பிடித்துத் தூக்கியவர் அப்படியே இறக்கிவிட்டார்.

"உள்ள எலிக்குஞ்சு கெடக்குதுங்க்கா. வேஸ்ட்டுன்னா இது இருக்கறதுதானுங்க. கொட்டி ஒதறி எடுத்துக்கறனுங்க."

எட்டிப் பார்த்தோம். தட்டையாகிப் போயிருந்த கூடு மறுபடி கிண்ணமாகியிருந்தது. புதிதாக ஒரு வெள்ளை இன்டர்லாக் துண்டு, பொங்கலுக்குப் பிறகு வெட்டினது, நூலாகப் பிரிந்து கிடந்தது. நடுவில் ரத்தச் சிவப்பாக ஒரு குவியல்.

அம்மா மோர்க் கரண்டியோடு வந்து குனிந்து எண்ணினார். "எட்டு" என்றார். பிறகு அந்த அண்ணனிடம், "பூசமும் அதுவுமா அதுல கைய வெக்காதீங்கொ. அந்த ரெண்ட எடுத்துக்கிட்டுப் போங்கொ. இத நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கதவுக்கடியில் வைக்கிற பலகையைத் தேடப் போனேன்.